டெல்ஃபினியா கட்டிய தாழும் டிரெய்லர்

டெல்ஃபினியா சுவாஸோவின் கார் கிழிபட்டது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. கிழித்தவன் அவளுடைய சித்தப்பா மகன் ஒனோஃப்ரே. கிழித்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். கிழித்துவிட்டு அவன் சிரித்தான்.

அது 1950-ஆம் வருஷத்து செவ்ரோலே. எஸ்பன்யோலா என்ற பள்ளத்தாக்கு ஊருக்கு வடக்கே ஒரு பண்ணையில், பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதைக் கண்டுபிடித்து இழுத்து வந்தாள். பதினோரு வருஷம் அதோடு மல்லுக்கட்டினாள். கத்தரிக்காய் நிறத்தில் ஒன்பது கோட்டு பெயின்ட் அடித்தாள். ஊரும் அதைக் கத்தரிக்காய் என்றே கூப்பிட்டது. ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல்கடைதான் இருக்கிற மாதிரி தாழ்த்தி வைத்தாள். பள்ளத்தாக்கில் இப்படிக் காரைத் தாழ்த்தி ஓட்டும் மற்றவர்கள் எல்லாம் ஹைட்ராலிக் மாட்டி, பட்டனைத் தட்டினால் கார் எழும்பவும் உட்காரவும் செய்வார்கள். அவள் மாட்டவில்லை. "கார்னா ராஜநடை நடக்கணும். தவளை மாதிரி எகிறக் கூடாது" என்பாள்.

அவ்வளவு தாழ்ந்த காரைத் தூர ஊர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோக டிரெய்லர் வேண்டும். டிரெய்லரில் ஏற்றச் சரிவுப் பலகை வேண்டும். பலகையில் ஏறும்போது வயிறு தட்டாமலிருக்க, அதற்கு முன்னால் இன்னும் நாலு பலகையைப் படிப்படியாக அடுக்க வேண்டும். ஒனோஃப்ரேயிடம் டிரெய்லர் இருந்தது. பொறுமை இல்லை.

"ரெண்டு பலகை போதும் பிரிமா" என்றான். பிரிமா என்றால் அங்கே தங்கை முறை, அக்கா முறை எல்லாம் அடங்கிய சொல்.

"நாலு போடுடா."

"நான் எத்தனை வண்டி ஏத்தியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சொல்லிக்கொண்டே காரை இழுக்கும் வின்ச்சைச் சுழற்றினான். கார் ஏறியது, பாதியில் நின்றது, அவன் இன்னும் ஒரு சுற்று சுற்றினான். கோணித் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். வலது பக்கக் கால்மிதித் தகடு முழு நீளத்துக்கும் உரிந்து தொங்கியது. சைலன்ஸர் குழாய் நசுங்கிப் பலகைக்கு அடியில் உருண்டது.

அப்போதுதான் ஒனோஃப்ரே சிரித்தான். "இதுக்குத்தான் ஹைட்ராலிக் மாட்டுன்னு ஊரே சொல்லுது. நீ கேட்டாத்தானே!"

டெல்ஃபினியாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருஷம் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் எரிவாயுக் குழாய்களுக்கு வெல்டிங் செய்தவள். நாற்பது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். காற்றிலும் பனியிலும் மல்லாந்து படுத்துக்கொண்டு, முகத்தின் மேல் பொறி விழ விழ, ஒரு துளி விடாமல் குழாயைச் சுற்றி வந்து முடித்தவள். இப்போது வீட்டு முற்றத்தில் பட்டறை போட்டு கேட்டும் மாட்டு டிரெய்லரும் பழுதுபார்க்கிறாள். அவளுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். குரல் இறங்கிவிடும். அதுதான் பயம்.

"இறக்கு" என்றாள்.

"கண்காட்சி?"

"இறக்கிட்டு உன் டிரெய்லரை எடுத்துட்டுப் போ. என் வாசலுக்கு அது இனிமே வரக் கூடாது. நீ வரலாம். அது வரக் கூடாது."

அன்று மத்தியானம் அவள் கணவன் எபிமேனியோ பள்ளிப் பேருந்தைக் கழுவி நிறுத்திவிட்டு வந்தபோது, அவள் உரிந்த தகட்டை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். பச்சை மிளகாய்க் குழம்பைச் சூடு பண்ணி, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். இருபத்தொன்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவன் கற்றுக்கொண்டது அது.

அடுத்த வாரம் இருவரும் தெற்கே ஒரு பெரிய டிரெய்லர் கடைக்குப் போனார்கள். தரையோடு தரையாக உட்காரும் டிரெய்லர் என்று ஒன்று உண்டு. சக்கரங்கள் அப்படியே நிற்க, நடுவிலுள்ள தளம் மட்டும் பாயை விரித்த மாதிரி மண்ணில் படுத்துவிடும். பலகையே வேண்டாம். காரைச் சமதளத்தில் உருட்டி ஏற்றி, பிறகு தளத்தைத் தூக்கிக்கொள்ளலாம். அவள் பார்க்க வந்தது அதைத்தான்.

கடைக்காரன் நல்ல சட்டை போட்டிருந்தான். வந்ததும் எபிமேனியோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"என்ன வண்டி சார் ஏத்தப் போறீங்க?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இவங்கதான்..." என்று எபிமேனியோ கையைக் காட்டினான்.

"இந்தத் தளத்தை எது தூக்குது? ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ஜாக்கா?" என்று டெல்ஃபினியா கேட்டாள்.

கடைக்காரன் எபிமேனியோவைப் பார்த்துப் பதில் சொன்னான். "ரொம்ப சுலபம் சார். இந்தப் பட்டனை அமுக்கினா போதும். அம்மாகூட அமுக்கலாம்."

எபிமேனியோ கண்ணை மூடிக்கொண்டான். மனைவியின் மூச்சு மாறுவது அவனுக்குக் கேட்டது.

டெல்ஃபினியா கோட்டைக் கழற்றிக் கணவன் கையில் கொடுத்தாள். சிமென்ட் தரையில் மல்லாந்து படுத்து, டிரெய்லருக்கு அடியில் நகர்ந்தாள். இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தன.

"மேடம், மேடம், அங்கெல்லாம் போகக் கூடாது!"

"ஏன்? பட்டன் இங்கே இல்லையா?"

கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். தலைமுடியில் கிரீஸ். விலைச் சீட்டைப் பார்த்தாள். அந்தப் பணத்துக்கு இன்னொரு காரே வாங்கலாம். ஆனால் அவளைத் திருப்பி அனுப்பியது விலை இல்லை. "இதுல இருக்கிற வெல்டிங்கை என்கிட்ட காட்டியிருந்தா, அந்த ஆளை அன்னிக்கே குழாய் வேலையிலேர்ந்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றாள். அதை மட்டும் கடைக்காரனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அக்டோபரில் ஆரம்பித்தாள். இரும்பு சேனல் சட்டங்களை வாங்கி வந்து முற்றத்தில் இறக்கினாள். சக்கரங்களுக்கு நடுவே அச்சு போகக் கூடாது, போனால் தளம் தரையைத் தொடாது. ஆகவே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனி இரும்புக் கையில் மாட்டினாள். கை மேலே திரும்பினால் தளம் இறங்கும், கீழே திரும்பினால் தளம் ஏறும். பக்கத்துக்கு ஒரு ஹைட்ராலிக் ஜாக் வைத்தாள், பம்பு எண்ணெயை அடித்தால் அது தூக்கும்.

நவம்பரில் முதல் சோதனை. பம்பைத் தட்டினாள். இடது பக்கம் எழுந்தது. வலது பக்கம் யோசித்தது. இடது இன்னும் எழுந்தது. தளம் முறுக்கிய துணியாக வளைந்து, நடுவில் ஒரு வெல்டிங் தையல் பட்டென்று விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒனோஃப்ரே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வர அனுமதி இருந்ததே. "பிரிமா, அது டிரெய்லரா, ஊஞ்சலா?"

கையிலிருந்த சுத்தியலை அவள் எறிந்தாள். அவன் மேல் இல்லை, எண்ணெய் டப்பா மேல். டப்பா முற்றத்தைத் தாண்டிப் போனது. அவனும் போனான்.

இரண்டு ஜாக்குகள் ஒருபோதும் ஒரே மாதிரி ஓடாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவசரப்பட்டாள். அந்தக் கோபத்தைத் தன் மேலேயே காட்டிக்கொண்டாள். மூன்றாம் நாள் செய்ததை எல்லாம் வெட்டிப் பிரித்துப் போட்டாள்.

இந்த முறை ஒரே ஜாக். அதை டிரெய்லரின் மூக்கில், இழுவைக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். அது ஒரு குறுக்குச் சட்டத்தை இழுக்கும். சட்டத்தின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு நீளக் கம்பிகள் பக்கவாட்டில் ஓடி, சக்கரக் கைகளைச் சேர்ந்தாற்போலத் திருப்பும். ஒன்று போனால் மற்றது போய்த்தான் ஆக வேண்டும். ஜனவரியில் தளம் தேநீர்த் தட்டைத் தூக்குவது போலச் சமமாக எழுந்தது. எபிமேனியோ கை தட்டினான்.

"தட்டாதே. இன்னும் முடியல."

"அதான் ஏறிடுச்சே, ஃபினியா."

"ஏறினது எண்ணெயாலே. எண்ணெய் தூக்கட்டும். தாங்க வேண்டியது இரும்பு."

குழாய் வேலையில் அவளோடு உபால்டோ என்று ஒருவன் இருந்தான். நல்ல பாடகன். ஒரு நாள் ஹைட்ராலிக் ஜாக் தாங்கிய குழாய்க்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். ஜாக்குக்கு எண்ணெய் போகும், விரல் மொத்தமுள்ள ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தது, குழாய் இறங்கிவிட்டது. அவனுடைய காலை அதற்குப் பிறகு யாராலும் ஒன்று சேர்க்க முடியவில்லை. அன்று குழாயைத் தூக்கிப் பிடிக்க ஓடியவர்களில் அவளும் ஒருத்தி.

ஆகவே அவள் தளம் மேலே வந்ததும் இரண்டு பக்கமும் கையையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்ட லாக் பின் வைத்தாள். கட்டைவிரலைவிடத் தடித்த இரும்பு உருளைகள். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் வர ஒரு வாரம் அறுத்தாள், தேய்த்தாள். பின்னைச் செருகிய பிறகு பம்பின் எண்ணெய் முழுவதையும் திறந்துவிட்டாள். தளம் அசையவில்லை. அதன் மேல் ஏறி நின்று குதித்தாள். அசையவில்லை.

"இப்போ தட்டு" என்றாள்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, தாழ்த்திய கார்க்காரர்களுக்கென்று அவளும் சேர்ந்திருந்த கிளப்பின் ஆட்கள் எல்லாம் கூடிய இடத்துக்குக் கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு போனாள். காரை இறக்கியபோது ஒரு கீறல் சத்தம் இல்லை. ஆண்கள் சுற்றி நின்றார்கள். கிளப் தலைவன் ஃபெர்மீன் ராய்பல் டயர் கடை வைத்திருப்பவன், பேச்சில் வெண்ணெய் தடவுபவன். மண்டியிட்டு அடியில் பார்த்தான்.

"எபி, பெரிய ஆளுய்யா நீ! எப்படிக் கட்டினே?"

"பஸ் ஓட்டறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு உனக்கே தெரியும். அவ கட்டினது."

"அப்படியா! சபாஷ் ஃபினியா." பிறகு குரலைத் தாழ்த்தி, "என் மோன்டே கார்லோ காரை டாவோஸ் ஊர் வரைக்கும் கொண்டு போகணும். உன் டிரெய்லரை ரெண்டு நாள் கடன் குடுப்பியா? நாம ஒண்ணாப் படிச்சவங்க."

கொடுத்தாள். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. கழுவித் துடைத்து, சக்கரத்துக்குப் பாலிஷ்கூடப் போட்டுக் கொடுத்தான். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பின்னால் நினைத்தபோதெல்லாம் அவளுக்குக் காது சுட்டது.

ஆகஸ்டில் எஸ்பன்யோலா மைதானத்தில் கண்காட்சி. வெயில் கொளுத்தியது. மிளகாய் வறுக்கும் இரும்பு டிரம்கள் சாலையோரம் சுழன்று, ஊர் முழுக்கக் காரமாக மணந்தது. டெல்ஃபினியா நுழைந்தபோது வரிசையாக மூன்று தாழும் டிரெய்லர்கள் நின்றன. மூன்றின் பக்கவாட்டிலும் தங்க எழுத்தில் "ராய்பல்" என்று எழுதியிருந்தது.

ஒலிபெருக்கியில் ஃபெர்மீன் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டு வருஷமா மண்டையைக் குடைஞ்சு நான் கண்டுபிடிச்சது இது. ஒரே ஜாக், ரெண்டு கம்பி! பெரிய கடைக்காரனுக்கே தோணாத யோசனை!"

அவள் நடந்தாள். எபிமேனியோ தோளைப் பிடித்தான். "விடு. ஊருக்குத் தெரியும் யார் கட்டினதுன்னு."

"ஊருக்குத் தெரியும்னா ஊரு ஏன் வாயைத் திறக்கல?"

அவன் கையை எடுத்துவிட்டான். அவள் முதல் டிரெய்லருக்கு அடியில் குனிந்தாள். குறுக்குச் சட்டம் அவளுடையது. கம்பிகள் அவளுடையவை. வளைவில் அவள் வைத்த சின்னத் தாங்கலைக்கூட அப்படியே எடுத்திருந்தான். எது எதற்கென்று தெரியாமல் பார்த்து எழுதிய பையனின் விடைத்தாள் மாதிரி இருந்தது.

லாக் பின் மட்டும் இல்லை. பின் போக வேண்டிய துளைகூட இல்லை.

அடுத்ததைப் பார்த்தாள். அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. திருட்டுக்காக வந்த கோபம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. வேறொரு கோபம் வந்தது. அது குளிர்ந்திருந்தது.

ஃபெர்மீன் மேடையை விட்டு இறங்கி வந்தான். "ஃபினியா! கோச்சுக்காதே. உன் பேரையும் சொல்லலாம்னுதான் இருந்தேன். கூட்டத்துல மறந்துபோச்சு."

"பின் எங்கே?"

"எது?"

"லாக் பின். ரெண்டு பக்கமும். எங்கே?"

"ஓ, அதுவா." கையை உதறினான். "வாங்கறவனுக்கு அது தொல்லை. ஒவ்வொரு தடவையும் யார் குனிஞ்சு செருகறது? முழங்கால்ல மண்ணு ஒட்டுது. ஜாக் நல்ல ஜாக். அஞ்சு டன் தாங்கும்னு எழுதியே இருக்கு."

"ஜாக் தாங்கும். ஹோஸ்?"

"புது ஹோஸ்."

"ட்ரூச்சாஸ் மலை இறக்கத்துல, அறுபது மைல் வேகத்துல, அது வெடிச்சா என்ன ஆகும்? தளம் ரோட்டுல உட்காரும். பின்னால வர்றவன் எங்கே போவான்?"

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஃபெர்மீன் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "பொறாமைக்கும் ஒரு அளவு வேணும்பா. பொம்பளைங்க பட்டறைக்கு வந்தா இப்படித்தான். எல்லாத்துலயும் ஒரு பயம்."

சிலர் சிரித்தார்கள். ஒனோஃப்ரே அங்கே இருந்தான். அவன் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்தான்.

"இதை யாருக்கெல்லாம் வித்திருக்கே?" அவள் குரல் இறங்கிவிட்டது.

"அது என் வியாபாரம்."

ஃபெர்மீனின் சொந்த டிரெய்லரில் தளம் தூக்கிய நிலையில் நின்றது. அதன் மேல் அவனுடைய மோன்டே கார்லோ பளபளத்தது. டெல்ஃபினியா தன் வண்டிக்குப் போய் நீளமான ஸ்பேனர் ஒன்றை எடுத்து வந்தாள்.

"எல்லாரும் விலகுங்க. பத்தடி தள்ளி நில்லுங்க. ஒனோஃப்ரே, அந்தப் பக்கம் யாரும் வராம பார்த்துக்கோ."

ஒனோஃப்ரே கேள்வி கேட்காமல் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தள்ளினான்.

"ஏய், ஏய், என்ன பண்றே?" என்றான் ஃபெர்மீன்.

"ஹோஸ் வெடிச்சா என்ன ஆகும்னு காட்டறேன். நின்ன இடத்துல. பூஜ்யம் மைல் வேகத்துல."

பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, ஹோஸின் மூட்டில் கந்தல் துணியைச் சுற்றி, ஸ்பேனரைக் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தாள். எண்ணெய் துணியைப் பிய்த்துக்கொண்டு பீறிட்டது. அவளுடைய வெள்ளைச் சட்டை தோள்வரை நனைந்தது. தளம் ஒரு கணம்கூட நிற்கவில்லை. துப்பாக்கி வெடித்தது போல மண்ணில் அறைந்தது. மோன்டே கார்லோ ஒரு முறை எகிறி உட்கார்ந்தது. அதன் முன் தாடை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

புழுதி அடங்கியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் ஸ்பேனரைத் துடைத்தாள். "என் டிரெய்லரை அங்கே நிறுத்தியிருக்கேன். போய் ஹோஸை அறுத்துப் பாருங்க. யார் வேணும்னாலும் அறுக்கலாம். அசையுதான்னு பாருங்க."

ஒருவனும் போகவில்லை. போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆனால் கிளப் என்பது கிளப்தான். அடுத்த செவ்வாய்க்கிழமை கூடி, ஒரு உறுப்பினரின் காருக்கு வேண்டுமென்றே சேதம் செய்ததற்காக டெல்ஃபினியா சுவாஸோவை ஆறு மாதம் விலக்கி வைத்தார்கள். யோசனையைத் திருடியதைப் பற்றி ஒரு வரி இல்லை. பின்னைப் பற்றி ஒரு வரி இல்லை. காகிதத்தை ஒனோஃப்ரேதான் கொண்டு வந்து கொடுத்தான்.

"ஓட்டு எடுத்தப்போ நீ எந்தப் பக்கம் கை தூக்கினே?" என்றாள்.

"எந்தப் பக்கமும் தூக்கல."

"அதுதான் உங்க எல்லாருக்கும் வியாதி."

அவள் காகிதத்தை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த வேலை மேஜையின் காலுக்கு அடியில் செருகினாள். எபிமேனியோவிடம் அன்று சாப்பிடும்போது, "காரை உடைச்சது தப்புதான். மறுபடியும் உடைப்பேன்" என்றாள். அவன் டோர்டியா ரொட்டியைக் கிழித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

வாரக் கடைசியில், ராய்பல் டிரெய்லர் வாங்கிய இரண்டு கிளப் ஆட்களும் ஒருவர் பின் ஒருவராக அவள் வாசலில் வந்து நின்றார்கள். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கும் பின் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். "அங்கே நிக்கும்போது உங்க நாக்கு எங்கே போச்சு?" என்று அவள் கேட்டாள். பிறகு வாசலைத் திறந்துவிட்டாள். இரண்டுக்கும் துளை போட்டு, தகடு வைத்துப் பலப்படுத்தி, பின் செருகிக் கொடுத்தாள். தங்க எழுத்தைத் தொடவில்லை. சட்டத்துக்கு அடியில், படுத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் இடத்தில், வெல்டிங்கால் தன் பெயரை எழுதினாள்.

அவர்களில் ஒருவன்தான் சொன்னான், ஃபெர்மீன் மொத்தம் நாலு டிரெய்லர் செய்தான் என்று. நாலாவது கண்காட்சிக்கு முன்னாலேயே வெளியூர்க்காரன் யாருக்கோ போய்விட்டது.

ஞாயிறு காலை தேவாலயப் பூசை முடிந்து ஃபெர்மீன் வீடு திரும்பிய நேரத்தில் அவள் அவன் வாசலில் நின்றாள். கொசுவலைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். கதவைத் திறக்கவில்லை.

"காரை உடைச்சுட்டு வாசலுக்கு வேற வர்றியா?"

"நாலாவது யார்கிட்ட இருக்கு?"

"சொல்ல மாட்டேன். அவன்கிட்டயும் போய் என் பேரைக் கெடுக்கணுமா?"

"உன் பேரு எனக்கு எதுக்கு? அந்த ஆளு யாரு, எந்த ரோட்டுல போறான், அதைச் சொல்லு."

"போ, ஃபினியா."

"போக மாட்டேன். எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. கிளப்லேர்ந்தும் தூக்கிட்டீங்க."

படியில் உட்கார்ந்தாள். தெருவில் பூசை முடிந்து போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள். அவளும் சொன்னாள். உள்ளே ஃபெர்மீனின் மனைவி ஏதோ கேட்பதும் அவன் எரிந்து விழுவதும் கேட்டது. அரை மணி போனது, முக்கால் மணி போனது. அவளுக்கு முதுகு வலித்தது, கோபம் குறையவில்லை.

கடைசியில் கொசுவலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அவன் அவளைப் பார்க்காமல் பேசினான்.

"பென்யாஸ்கோ ஊர். மேஸ்தாஸ்னு ஒரு கிழவர். அபோலினார் மேஸ்தாஸ். வைக்கோல் விக்கிறவர்."

"அவருக்கு எதுக்குத் தாழும் டிரெய்லர்?"

"முழங்கால் போச்சாம். பலகை தூக்க முடியலையாம். டிராக்டர் ஏத்தறார்." பிறகு, "ட்ரூச்சாஸ் வழியாத்தான் போவார்" என்றான்.

அவள் எழுந்தாள். அவன் மன்னிப்புக் கேட்பான் என்று ஒரு நொடி நின்றாளோ என்னவோ. மரக்கதவும் சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை எபிமேனியோ வேலைக்கு லீவு போட்டான், இருவரும் கிளம்பினார்கள். ஜெனரேட்டர், டிரில், வெல்டிங் மெஷின், தகடுகள், புது ஹோஸ், இரண்டு பின்கள் எல்லாம் வண்டியில். சிமாயோ ஊரைத் தாண்டியதும் சாலை மலை ஏறியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் மனக்கண்ணில் டிராக்டரோடு உட்கார்ந்துவிட்ட ஒரு டிரெய்லரைக் கண்டாள். அதற்குப் பின்னால் வரும் கார்களையும் கண்டாள். ஒரு வளைவில் பள்ளிப் பேருந்து ஒன்று எதிரே வந்தது. எபிமேனியோ வழக்கப்படி அந்த ஓட்டுநருக்குக் கை காட்டினான். அவளால் அதற்குமேல் பேசாமல் இருக்க முடியவில்லை. ஃபெர்மீனை, அவன் டயர் கடையை, அவன் வெண்ணெய் நாக்கை, கிளப்பில் கை தூக்கினவர்களை, தூக்காதவர்களை எல்லாம் பேர் பேராகத் திட்டிக்கொண்டே வந்தாள். எபிமேனியோ கியரை மாற்றினான்.

அபோலினார் மேஸ்தாஸுக்கு எண்பது இருக்கும். வாசலில் ஊன்றுகோலோடு வந்து நின்று, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு சந்தேகத்தோடு பார்த்தார்.

"இதைச் செஞ்சவர் நீங்களாம்மா?"

"நான் செய்யல. ஆனா இது என்னோடது."

"புரியலையே."

"புரிய வேணாங்க. இதுல ஒரு பாகம் இல்ல. அதை வைக்க வந்திருக்கேன். நீங்க பணம் தர வேணாம். வைக்கிறவரைக்கும் இது ரோட்டுக்குப் போகக் கூடாது."

"இன்னிக்கு மத்தியானம் கீழே போகணுமே. புல்லு அறுக்க டிராக்டரைக் கொண்டு வர்றதா மருமகன்கிட்ட சொல்லிட்டேன்."

டிராக்டர் ஏற்கெனவே தளத்தின் மேல் ஏறி நின்றது. டெல்ஃபினியா குனிந்து ஹோஸைத் தடவினாள். குறுக்குச் சட்டத்தின் கூர்விளிம்பு அதை அறுத்துக்கொண்டிருந்தது. ரப்பர் போய், உள்ளே பின்னிய கம்பி தெரிந்தது. விரலை எடுத்துப் பார்த்தாள். எண்ணெய்.

"பெரியவரே, இதைத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். நிமிர்ந்து சாலையைப் பார்த்தார். அது அவர் வாசலிலிருந்தே கீழே இறங்கியது. ஊன்றுகோலை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு, அங்கேயே ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

டிராக்டரை இறக்கினார்கள். சாயங்காலம் நாலு மணிவரை அவள் வேலை செய்தாள். கூர்விளிம்பைத் தேய்த்து மழுக்கினாள், ஹோஸை மாற்றினாள், இரண்டு பின்னும் செருகி, எண்ணெயைத் திறந்துவிட்டு, தளத்தின் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தாள். பெரியவரையும் செருகவும் எடுக்கவும் பழக்கினாள். அவருக்குக் குனிய முடியாது என்பதால், நின்றபடியே இழுக்க ஒரு நீளக் கைப்பிடி வைத்துக் கொடுத்தாள். ஃபெர்மீன் சொன்ன அந்தத் தொல்லையைத் தீர்க்க அரை மணி நேரம் போதுமாயிருந்தது. அதை நினைத்தபோது அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

பெரியவர் வீட்டுக்குள் கூட்டிப் போய்ப் பன்றிக்கறியும் சோளமும் வேகவைத்த பொஸோலே பரிமாறினார். இருவரும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்கள். "இந்த ராய்பல்னு எழுதினவரைப் பார்த்தா என்ன சொல்லணும்?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். அந்த எழுத்தைச் சுரண்டிடுங்க."

திரும்பும்போது எபிமேனியோ கேட்டான். "இப்போ கொஞ்சம் ஆறிடுச்சா?"

"இல்ல."

"ஆறு மாசம் கழிச்சு கிளப்புக்குப் போவியா?"

"போவேன். போய் முதல் வரிசையில உட்காருவேன். ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் பார்ப்பேன்."

மார்ச் மாதத்தில் அப்படியே போனாள். ஃபெர்மீன் தலைவர் நாற்காலியில்தான் இருந்தான். அவளைப் பார்த்ததும் பேச வந்ததை விட்டுவிட்டு காகிதங்களைப் புரட்டினான். டயர் கடையில் அவன் அதற்குப் பிறகு டிரெய்லர் செய்யவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஒனோஃப்ரே தன் பழைய டிரெய்லரை விற்றுவிட்டதாகவும், தனக்கு ஒன்று கட்டித் தர முடியுமா என்றும் மெதுவாகக் கேட்டான்.

"முடியும்" என்றாள் டெல்ஃபினியா. "ஆனா நீ கேட்டதை இங்கே கேட்காதே. எல்லாரும் இன்னும் உள்ளேதான் இருக்காங்க. போய், அவங்க முன்னால கேளு."

அவன் கதவைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்தான். பிறகு உள்ளே போனான்.